விசைப்பலகை யார் கையில்?



எங்கள் பள்ளியின் ரோபோட்டிக் கழகத்திற்கு நான்தான் பொறுப்பாசிரியை. ஆனால் நான் கணினித் துறையில் படித்தவள் அல்லள். அறிவியலில் பட்டம் பெற்று, கல்வி டிப்ளோமா முடித்து, ஆசிரியர் பணிக்கு வந்தவள். கழகத்தை எடுத்து நடத்த ஆள் இல்லை என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது கையைத் தூக்கிவிட்டேன். அதன்பிறகு மாணவர்களோடு சேர்ந்து நானும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் படிவம் 2 மாணவர்களை நால்வர் நால்வராக ஆறு குழுக்களாகப் பிரித்தேன். ஒவ்வொரு குழுவிலும் இரண்டு மாணவர்கள், இரண்டு மாணவிகள். குழுவுக்கு ஒரு மடிக்கணினி, ஒரு மைக்ரோபிட் பலகை. அறையின் வெப்பநிலை 32 பாகையைத் தாண்டினால் பலகையில் உள்ள 25 சிறு விளக்குகளில் ஓர் எச்சரிக்கைக் குறி எரிய வேண்டும். தாண்டாவிட்டால் எரியக்கூடாது. இதற்கான நிரலை எழுதுவதுதான் அன்றைய வேலை.

நான் பின்வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு குழுக்களில் ஐந்தில் விசைப்பலகை ஒரு மாணவனின் கையில் இருந்தது. மாணவிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒருவர் அறிக்கை எழுதினார். இன்னொருவர் பலகைக்கு அட்டையில் ஒரு சிறு வீடு செய்து வண்ணம் தீட்டினார். ஏன் என்று கேட்டேன். “அவளுக்குத்தான் டீச்சர் கையெழுத்து அழகா இருக்கும்” என்று பதில் வந்தது. மாணவியும் சிரித்தபடி தலையாட்டினார்.

யாரும் யாரையும் தள்ளிவிடவில்லை. சண்டையில்லை, அழுகையில்லை. எல்லாம் இயல்பாக நடந்தது. அது இவ்வளவு இயல்பாக நடந்ததுதான் என்னை உறுத்தியது.

வீட்டுக்குப் போகும் வழியில் இன்னொன்று நினைவுக்கு வந்தது. வகுப்பில் புரொஜெக்டர் வேலை செய்யாதபோதெல்லாம் நான் என்ன சொல்வேன்? “பசங்க யாராவது வந்து பாருங்க.” பல ஆண்டுகளாக அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். நானே ஒரு பெண். அப்படியிருந்தும் அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் வந்தது.

ஆகவே இந்த வாரம் உங்களிடம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். “கணினி யாருக்கு நன்றாக வரும்?” என்ற கேள்விக்கு விடை ஆண் மூளையிலோ பெண் மூளையிலோ இல்லை. விசைப்பலகை முதலில் யார் கைக்குப் போகிறது, அதைப் பற்றிச் சுற்றியிருப்பவர்கள் என்ன கதை சொல்கிறார்கள் என்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது. இதை என் விருப்பத்திற்காகச் சொல்லவில்லை. வரலாறு சொல்கிறது. அதைவிட முக்கியமாக, நம் மலேசியாவே இதற்குச் சான்று.

முதல் நிரலர்கள் யார்?

முதலில் ஒரு வியப்பான செய்தி. ‘கம்ப்யூட்டர்’ என்பது ஒரு காலத்தில் இயந்திரத்தின் பெயர் அன்று. அது ஒரு வேலையின் பெயர். கணக்குப் போடும் வேலைக்கு அமர்த்தப்பட்டவர்களை அப்படி அழைத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் கணிதம் படித்த பெண்கள். பீரங்கிக் குண்டு எந்தப் பாதையில் போய் எங்கே விழும் என்பதைக் கையால் கணக்கிடுவது அவர்களின் பணி. ஒரே ஒரு பாதையைக் கணக்கிட ஏறத்தாழ 30 மணி நேரம் பிடித்தது.

அந்தக் கணக்கை விரைவாகப் போடுவதற்காகத்தான் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் எனியாக் என்ற மின்னணுக் கணினி உருவாக்கப்பட்டது. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள், 30 டன் எடை, ஒரு பெரிய அறை முழுவதும் அடைத்துக்கொண்ட இயந்திரம். 30 மணி நேரக் கணக்கை அது அரை நிமிடத்திற்குள் முடித்தது.

ஆனால் அதற்கு வேலையைச் சொல்லிக்கொடுப்பது யார்? அன்று நிரல்மொழி எதுவும் இல்லை. கையேடும் இல்லை. ஆறு பெண்களைத் தேர்ந்தெடுத்து, இயந்திரத்தின் வரைபடங்களைக் கையில் கொடுத்தார்கள். கேத்லீன் மெக்னல்டி, பெட்டி ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சிஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மேன் ஆகியோர் அந்த அறுவர். வரைபடங்களைப் பார்த்தே இயந்திரம் எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொண்டு, கம்பிகளை மாற்றி இணைத்து, விசைகளைத் திருப்பி, கணக்கை அதற்குள் ஏற்றினார்கள். பிழை வந்தால் ஆயிரக்கணக்கான குழாய்களுக்கு நடுவே எது கெட்டுப்போனது என்று தேடிக் கண்டுபிடித்ததும் அவர்கள்தாம்.

1946 பிப்ரவரியில் எனியாக் உலகத்திற்கு அறிமுகம் செய்யப்பட்டது. செய்தித்தாள்கள் இயந்திரத்தைப் புகழ்ந்தன, அதைக் கட்டிய பொறியாளர்களைப் புகழ்ந்தன. நிரல் எழுதிய அறுவரைப் பற்றிப் பேச்சே இல்லை. அன்றிரவு நடந்த விருந்துக்கும் அவர்கள் அழைக்கப்படவில்லை. ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பிறகு கேத்தி கிளைமன் என்ற ஹார்வர்டு மாணவி பழைய படங்களைப் பார்த்துவிட்டு, இயந்திரத்தின் அருகில் நிற்கும் இந்தப் பெண்கள் யார் என்று கேட்டார். படம் அழகாக இருப்பதற்காக நிறுத்தப்பட்ட மாடல் அழகிகள் என்று அவருக்குப் பதில் சொல்லப்பட்டது. அவர் அதை நம்பாமல் தேடிப் போனதால்தான் இன்று நமக்கு அந்த ஆறு பெயர்களும் தெரியும்.

இவர்கள் மட்டும் அல்லர். நாம் எழுதும் சொற்களை இயந்திர மொழியாக மாற்றித் தரும் மென்பொருளைத் தொகுப்பி என்கிறோம். அந்தப் பாதையின் முதல் படிகளில் ஒன்றான ஏ-0 என்பதை 1952-இல் உருவாக்கியவர் கிரேஸ் ஹாப்பர். வங்கிகளில் நெடுங்காலம் பயன்பட்ட கோபால் மொழிக்கு அடித்தளம் இட்டதும் அவருடைய உழைப்புதான். இன்னொருவர் ஃபிரான்சிஸ் ஆலன். பள்ளியில் கணிதம் கற்பித்த ஆசிரியை. கல்விக் கடனை அடைப்பதற்காக 1957-இல் ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்தார். கடன் தீர்ந்ததும் பள்ளிக்கே திரும்பிவிடலாம் என்பது அவர் எண்ணம். ஆனால் தொகுப்பிகளைப் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கியவர் அங்கேயே தங்கிவிட்டார். எழுதிய நிரலை இன்னும் வேகமாக ஓட வைப்பது எப்படி என்பதற்கு அவர் கண்டறிந்த வழிகள் இன்றும் பயன்படுகின்றன. கணினித் துறையின் நோபல் என்று சொல்லப்படும் டூரிங் விருது 1966-இல் தொடங்கியது. அதைப் பெற்ற முதல் பெண் ஃபிரான்சிஸ் ஆலன்தான். ஆண்டு 2006. இடையில் 40 ஆண்டுகள்!

கணினி அண்ணன் அறைக்குப் போன கதை

தொடக்கத்தில் இத்தனை பெண்கள் இருந்தார்கள் என்றால், பிறகு என்ன ஆயிற்று?

அமெரிக்காவின் கணக்கைப் பாருங்கள். 1980-களின் நடுப்பகுதியில் அங்கே கணினி அறிவியலில் இளங்கலைப் பட்டம் பெற்றவர்களில் ஏறத்தாழ 37 விழுக்காட்டினர் பெண்கள். அதற்குப் பிறகு மருத்துவத்திலும் சட்டத்திலும் பெண்களின் பங்கு ஏறிக்கொண்டே போனது. கணினியில் மட்டும் இறங்கியது. 2010 வாக்கில் ஏறத்தாழ 18 விழுக்காடு. பாதியாகிவிட்டது!

இருபத்தைந்து ஆண்டுகளில் பெண்களின் மூளை மாறிவிடுமா? மாறாது. அப்படியானால் வேறு ஏதோ மாறியிருக்க வேண்டும்.

ஆய்வாளர்கள் சுட்டும் காரணங்களில் ஒன்று வீட்டுக் கணினி. 1970-களின் இறுதியிலும் 1980-களிலும் கணினி வீட்டுக்குள் நுழைந்தது. அதை விளையாட்டுப் பொருளாக விற்றார்கள். பையன்களின் விளையாட்டுப் பொருளாக. விளம்பரங்களில் பையன்கள், திரைப்படங்களிலும் கணினிப் புலியாக வருபவன் பையன். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1990-களில் ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணினி மாணவர்களிடம் நீண்ட நேர்காணல்கள் நடத்தினார்கள். பல குடும்பங்களில் கணினி மகனின் அறையில்தான் வைக்கப்பட்டிருந்தது என்று தெரியவந்தது. மகளுக்கு ஆர்வம் இருந்தாலும் தம்பி அல்லது அண்ணன் எழுந்த பிறகுதான் அவள் உட்கார முடியும்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வருத்தமும் வந்தது. நான் இடைநிலைப்பள்ளியில் படித்த காலத்தில் அப்பா தவணையில் ஒரு கணினி வாங்கி வந்தார். அதை எங்கே வைத்தார்? அண்ணன் அறையில். யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவு அன்று. மேசை அங்கே இருந்தது, அவ்வளவுதான். அண்ணன் அதைப் பிரித்தான், மாட்டினான், கெடுத்தான், சரிசெய்தான். நான் வாசலில் நின்று “ஒரு கட்டுரை டைப் பண்ணணும், விடுறியா?” என்று கேட்பேன். இரண்டே ஆண்டுகளில் வீட்டில் எல்லாரும் சொன்னார்கள்: “அவனுக்குத்தான் கம்ப்யூட்டர் நல்லா வரும்.” நானும் நம்பினேன். அவன் நூறு முறை கெடுத்துப் பார்த்திருக்கிறான், நான் ஒருமுறைகூடக் கெடுத்ததில்லை என்ற எளிய வேறுபாடு அன்று என் கண்ணில் படவில்லை.

மாணவர்களே, திறமை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி பழகிய நேரம்தான். ஒருவன் 500 மணி நேரம் பழகியிருக்கிறான், இன்னொருத்தி 5 மணி நேரம் பழகியிருக்கிறாள் என்றால், இருவரையும் பக்கத்தில் நிறுத்தி “பாருங்கள், இவனுக்குத்தான் இயற்கையிலேயே வருகிறது” என்று சொல்வது அறிவியல் அன்று. கட்டுப்படுத்தப்பட வேண்டிய மாறியைக் கட்டுப்படுத்தாமல் முடிவு எழுதும் ஆய்வறிக்கை அது. அப்படி எழுதினால் நான் மதிப்பெண் தரமாட்டேன் என்பது உங்களுக்கே தெரியும்.

நம் நாட்டில் வேறு கதை

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் “பெண்கள் ஏன் கணினிப் பக்கம் வருவதில்லை?” என்று மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்த அதே காலத்தில், மலேசியப் பல்கலைக்கழகங்களின் கணினித் துறைகளில் பாதி அல்லது பாதிக்கு மேல் பெண்களே இருந்தார்கள். 2006-இல் மஸ்லிசா ஓத்மான், ரொட்சியா லத்தே என்ற இரண்டு மலேசிய ஆய்வாளர்கள் ஒரு புகழ்பெற்ற கணினி ஆய்விதழில் கட்டுரை எழுதினார்கள். ‘இங்கே பஞ்சமில்லை’ என்பதுதான் அதன் தலைப்பின் சாரம். நார்வே நாட்டு ஆய்வாளர் விவியன் லாகேசன் மலாயாப் பல்கலைக்கழகத்திற்கே வந்து மாணவிகளிடமும் விரிவுரையாளர்களிடமும் பேசி, 2008-இல் தம் ஆய்வை வெளியிட்டார். சுவீடனைச் சேர்ந்த உல்ஃப் மெல்ஸ்ட்ரோம் பினாங்கில் ஆய்வு செய்து, மலேசியாவில் கணினி அறிவியலில் பெண்கள் ஏன் முன்னிலையில் இருக்கிறார்கள் என்ற கேள்வியையே 2009-இல் தம் கட்டுரைக்குத் தலைப்பாக்கினார். அவர்களின் நாட்டில் புதிராக இருந்தது நம் நாட்டில் அன்றாடக் காட்சியாக இருந்தது!

காரணம் என்ன? அந்த மாணவிகளின் பார்வையில் கணினி ஆண்களுக்கு உரிய பொருளாக இல்லை. வெயிலில் கட்டுமானத் தளத்தில் நிற்க வேண்டியதில்லை, அலுவலகத்தில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து செய்யும் வேலை, நல்ல சம்பளம், வளரும் துறை. பெற்றோரும் “படி” என்றார்கள். வகுப்பில் போய் உட்கார்ந்தால் பாடம் நடத்துபவர் பெண், துறையில் பொறுப்பில் இருப்பவரும் பெண். “இது எனக்கான இடமா?” என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

இதில் ஒரு சிறு முள்ளும் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். “உள்ளே உட்கார்ந்து செய்யும் வேலை, ஆகவே பெண்ணுக்கு ஏற்றது” என்பதும் ஒரு முன்முடிவுதான். அப்படிச் சொல்பவர்கள் நாளைக்கே “பாலம் கட்டுவது பெண்ணுக்கு ஏற்றதல்ல” என்றும் சொல்வார்கள். அந்தக் காரணத்தை நான் பாராட்டவில்லை. ஆனால் அது நமக்கு ஒன்றை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரே பாடம், ஒரே நிரல்மொழி, ஒரே கணிதம். ஒரு நாட்டில் அதைச் சுற்றி ஒரு கதை சொன்னார்கள், பெண்கள் விலகினார்கள். இன்னொரு நாட்டில் வேறு கதை சொன்னார்கள், பெண்கள் வந்து நிறைந்தார்கள். மூளைதான் காரணம் என்றால் கோலாலம்பூரிலும் நியூயார்க்கிலும் ஒரே விளைவுதானே வந்திருக்க வேண்டும்?

“அப்படியானால் நமக்குத்தான் சிக்கலே இல்லையே டீச்சர், எதற்கு இந்தக் கட்டுரை?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கதைகள் மாறும் என்பதுதான் என் கவலை. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் நிரலாக்கம் பெண்களின் வேலையாகத்தான் இருந்தது. அது கைமாறியதற்குச் சட்டம் எதுவும் போடப்படவில்லை. விளம்பரங்களிலும் விளையாட்டுகளிலும் வீட்டு அறைகளிலும் மெல்ல மெல்ல மாறியது. இன்று நம் பிள்ளைகள் பார்க்கும் காணொளிகளும் விளையாடும் விளையாட்டுகளும் எங்கிருந்து வருகின்றன? கணினி மேதை என்றால் இருட்டறையில் தலைக்கவசமணிந்த கேட்பொறியோடு உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞன் என்ற படம் கைப்பேசி வழியாக நம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. என் கழகத்தில் ஆறில் ஐந்து குழுக்களில் நான் கண்டது அந்தப் படத்தின் நிழலாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது. கையில் இருப்பதை இழந்துவிட்டு, பிறகு கருத்தரங்கம் நடத்தித் தேடுவதைவிட, இழக்காமல் பார்த்துக்கொள்வது எளிது.

முகத்தைக் காணாத கணினி

“யார் நிரல் எழுதினால் என்ன? நிரல் சரியாக ஓடினால் போதாதா?” இதையும் ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். இதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சியைப் பதிலாகச் சொன்னேன்.

ஜாய் புவோலம்வினி என்ற கறுப்பினப் பெண் அமெரிக்காவின் எம்ஐடி-யில் ஆய்வு மாணவியாக இருந்தார். முகத்தை அடையாளம் காணும் மென்பொருளைப் பயன்படுத்தி ஒன்றைச் செய்து பார்த்தபோது, மென்பொருள் அவருடைய முகத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு வெள்ளை முகமூடியை மாட்டிக்கொண்டார். உடனே கண்டுகொண்டது! மனித முகத்தை விட்டுவிட்டு, முகமூடியை முகம் என்றது.

பலர் அதைப் பார்த்துச் சலித்துக்கொண்டு விட்டிருப்பார்கள். அவர் அதையே ஆய்வுக் கேள்வியாக்கினார். டிம்னிட் கெப்ரு என்ற இன்னொரு பெண் ஆய்வாளரோடு சேர்ந்து, சந்தையில் விற்கப்படும் மூன்று மென்பொருள்களைச் சோதித்தார். படத்தில் இருப்பவர் ஆணா பெண்ணா என்று மென்பொருள் சொல்ல வேண்டும். 2018-இல் முடிவு வெளியானது. வெளிர்நிறத் தோல் கொண்ட ஆண்களிடம் பிழை அதிகபட்சமாக 0.8 விழுக்காடு. கருநிறத் தோல் கொண்ட பெண்களிடம் பிழை 34.7 விழுக்காடு வரை போனது. அதாவது மூன்றில் ஒருவரைத் தவறாகச் சொன்னது.

இதில் கணினிக்குக் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அது எந்தப் படங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதோ, அவற்றில் கருநிறத் தோல் கொண்ட பெண்கள் குறைவு. “இந்தப் படங்களில் எல்லாரும் இருக்கிறார்களா?” என்று கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. புவோலம்வினி கேட்டார்; ஏனென்றால் காணாமல் போனது அவர் முகம். ஆய்வு வெளிவந்த பிறகு நிறுவனங்கள் தங்கள் மென்பொருளைத் திருத்தின.

உங்கள் வகுப்பைச் சுற்றிப் பாருங்கள். எத்தனை நிறத் தோல்கள்! நாளைக்கு வங்கிக் கணக்குத் திறக்கவும் குடிநுழைவுச் சாவடியைக் கடக்கவும் முகத்தைக் காட்டினால் போதும் என்று வரும்போது, அந்த மென்பொருள் உங்கள் அம்மாவின் முகத்தையும் உங்கள் பாட்டியின் முகத்தையும் சரியாகக் காண வேண்டும். அதற்கு அதை உருவாக்கும் மேசையில் உங்களைப் போன்றவர்கள் இருக்க வேண்டும். பெண்கள் கணினித் துறைக்கு வர வேண்டும் என்று நான் சொல்வது பெண்களுக்குச் செய்யும் சலுகையாக அன்று. அந்த மேசையில் பாதிப்பேர் இல்லாவிட்டால், கேட்கப்படாமல் போகும் கேள்விகளால் இழப்பு எல்லாருக்கும்தான்.

7-லிருந்து 42-க்கு

கதை மாறினால் மீண்டும் மாற்ற முடியுமா? முடியும். செய்து காட்டியிருக்கிறார்கள்.

மேலே சொன்ன கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995-இல் கணினி அறிவியலில் புதிதாகச் சேர்ந்தவர்களில் 7 விழுக்காட்டினரே பெண்கள். 2000-இல் அது 42 விழுக்காடு. ஐந்தே ஆண்டுகள்! பாடத்தை எளிதாக்கியா இதைச் செய்தார்கள்? இல்லை. முன்பே நிரல் எழுதிப் பழகியவர்களுக்குச் சேர்க்கையில் கொடுத்துவந்த முன்னுரிமையைக் குறைத்தார்கள். முதலாண்டில் பழகியவர்களுக்கு ஒரு வழி, பழகாதவர்களுக்கு ஒரு வழி என்று தனித்தனித் தொடக்கம் அமைத்தார்கள். பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

ஹார்வி மட் கல்லூரியிலும் இப்படித்தான். 2006-இல் மரியா கிளாவே அங்கே தலைவராகப் பொறுப்பேற்ற காலத்தில் கணினிப் படிப்பில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் பெண்கள். சில ஆண்டுகளில் அது 40 விழுக்காட்டை எட்டியது. அங்கே செய்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. ஏற்கெனவே எல்லாம் தெரிந்த மாணவர்கள் வகுப்பில் கையைத் தூக்கித் தூக்கிப் பேசும்போது, புதிதாகத் தொடங்குபவர்கள் “நமக்கு இது வராது போலிருக்கிறது” என்று ஒடுங்கிவிடுகிறார்கள். ஆகவே அனுபவம் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் தனித்தனி வகுப்புகளாகப் பிரித்தார்கள். ஒடுங்கியவர்கள் நிமிர்ந்தார்கள். அவர்களில் பையன்களும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். வீட்டில் கணினி இல்லாத பையனுக்கும் இதே நிலைதானே?

உங்களிடம் நான் கேட்பது

மாணவிகளே, குழுவில் “நான் அறிக்கை எழுதுகிறேன்” என்று உங்கள் வாய் தானாகச் சொல்ல வரும்போது ஒரு நொடி நிறுத்துங்கள். அறிக்கை எழுதுவது தாழ்ந்த வேலை அன்று. அறிவியலில் பாதி அதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அது உங்கள் வேலையாகவே இருந்தால், ஆண்டு முடிவில் உங்கள் கையெழுத்து மட்டும்தான் வளர்ந்திருக்கும். விசைப்பலகையைக் கேட்டு வாங்குங்கள். தவறாகத் தட்டினால் கணினி வெடித்துவிடாது. பிழைச்செய்தி ஒன்று வரும், படித்துத் திருத்தலாம். நிரல் எழுதுபவர்களின் நாளில் பெரும்பகுதி அதுதான்.

மாணவர்களே, நீங்கள் எதிரிகள் அல்லர். என் அண்ணனும் என் எதிரி அல்லன். ஆனால் தெரிந்தவர் வேகமாகச் செய்து முடித்துவிடுவது குழுவுக்கு உதவி அன்று என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். தோழி தடுமாறும்போது விசைப்பலகையைப் பிடுங்காமல், கையைக் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் வழிசொல்லிப் பாருங்கள். மென்பொருள் நிறுவனங்களில் இதை ஒரு முறையாகவே பின்பற்றுகிறார்கள். ஒருவர் தட்டுவார், பக்கத்தில் ஒருவர் பார்த்து யோசனை சொல்வார். சிறிது நேரத்தில் இடம் மாறிக்கொள்வார்கள். இணை நிரலாக்கம் என்று அதற்குப் பெயர். சொல்லிக்கொடுக்கும்போதுதான் உங்களுக்கே எது புரியவில்லை என்று தெரியும்.

பெற்றோர் யாராவது இதைப் படித்தால், மடிக்கணினி வீட்டில் எந்த அறையில் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். கூடத்தில் வையுங்கள். என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: புரொஜெக்டர் நின்றுபோனால் பெயர்ப்பட்டியலைப் பார்த்து வரிசைப்படி அழையுங்கள்.

நான் அப்படித்தான் தொடங்கியிருக்கிறேன். கழகத்திலும் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை மணி அடிப்பேன், விசைப்பலகை அடுத்தவர் கைக்குப் போக வேண்டும். முதல் இரண்டு வாரங்கள் ஒரே கூச்சல். “இப்பதான் டீச்சர் வரப்போச்சு!” என்று மாணவர்கள் முணுமுணுத்தார்கள். “கெட்டுப்போனா என்ன செய்றது டீச்சர்?” என்று மாணவிகள் பயந்தார்கள்.

மூன்றாம் வாரம் ஒரு குழுவின் எச்சரிக்கைக் குறி தவறான நேரத்தில் எரிந்தது. அறை குளிர்ந்திருக்கும்போது எரிந்தது. சூடானால் அணைந்தது. முன்பு அறிக்கை எழுதிக்கொண்டிருந்த அந்த அழகான கையெழுத்து மாணவிக்கு அப்போது விசைப்பலகை முறை. அவர் நேராக நிரலைத் தொடவில்லை. தாம் எழுதிவைத்த வெப்பநிலை அட்டவணையை எடுத்தார். எந்த அளவில் எரிகிறது, எந்த அளவில் அணைகிறது என்று விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு திரும்பிச் சொன்னார்: “டீச்சர், நாங்க பெரிதுக்குப் பதிலா சிறிது குறியைப் போட்டிருக்கோம்.”

ஒரே ஒரு குறி. திருப்பிப் போட்டார். சரியாகிவிட்டது. அந்தக் குழுவின் மாணவர்கள் கைதட்டினார்கள். அவர் சிரிக்கக்கூட நேரமில்லாமல் கேட்டார்: “மணி அடிச்சிடாதீங்க டீச்சர். இன்னும் அஞ்சு நிமிஷம்.”

விதி விதிதான். மணியை அடித்தேன். ஆனால் இப்போது அவர் விசைப்பலகையை விட்டு எழுந்திருக்கவே யோசிக்கிறார். நான் கேட்பது அவ்வளவுதான்.